ஆக்சிலில் அடித்த இலக்கம்

அலுவலகம் ஒன்றுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் அனுப்பப்பட வேண்டும். உடனடியாகப் பதில் தர முடியாவிட்டால், கடிதம் கிடைத்ததை ஏற்று, தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி, இடைக்காலப் பதில் ஒன்றாவது அனுப்பப்பட வேண்டும். பதில் தேவையில்லை என்று முடிவு செய்தால், ஏன் தேவையில்லை என்பதைக் கடிதத்திலேயே எழுதிக் கையொப்பமிட்ட பிறகுதான் அதைக் கோப்பிலிடலாம்.

இதைச் சொல்ல நான் கைநூலைப் புரட்ட வேண்டியதில்லை. கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வந்த லிகிதர்கள் எத்தனையோ பேருக்கு இந்த விதியை மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். நானே அதை மீறியது ஒரே ஒரு தடவை. அந்தக் கடிதம் கந்தோருக்கு வந்ததல்ல, அம்பிட்டியவில் என் வீட்டுக்கு வந்தது. கடை பில் புத்தகத்தில் கிழித்த தாள், நான்கு வரி, அக்குறணைத் தபால் முத்திரை. மூலையில் ‘கோப்பிலிடுக’ என்று எழுதி என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். காரணம் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதை நானே வாசிக்க வேண்டி வந்திருக்கும்.

கடிதத்தை எழுதியவர், என் காரை ஓட்டியவர்.

கார் என்றால் இப்போது ரோட்டில் போகிறவற்றை நினைக்க வேண்டாம். இரண்டே இரண்டு பேர் அமரக்கூடிய, துணிக் கூரை போட்ட, என்னைவிட இரண்டு வயது மூத்த ஆங்கிலேயப் பந்தயக் கார். தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போனது. பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கொட்டிலில் கொழுந்துச் சாக்குகளின் கீழ் பல காலம் கிடந்தது. அதை நான் வாங்கியபோது என் மனைவி கேட்ட ஒரே கேள்வி, “இதுல எத்தன பேரு ஒக்காரலாங்க?” இரண்டு பேர் என்றேன். “அப்ப நான் கணக்குல இல்ல” என்றாள். அவள் சொன்னது சரிதான். இரண்டாவது ஆள் முன்பே முடிவாகியிருந்தார்.

அவர் என்னோடு கண்டியில் படித்தவர். அக்குறணையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். கார் என் பெயரில் பதிவு, ஆனால் அதன் உள்ளுறுப்புகளில் பாதி அவர் கடையின் வழியாக வந்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு, தன் வான் வண்டியில் அம்பிட்டிய ஏற்றத்தில் ஏறி வருவார். கையில் மீன் வைத்துச் சுட்ட, சூடு ஆறாத மாலுபணிஸ் பார்சல். என் வீட்டு கேற்றைத் திறந்து அவர் கராஜுக்குள் போன பிறகுதான் எனக்கு ஞாயிறு தொடங்கும்.

எங்கள் இலக்கு மலையேற்றப் போட்டி. மலைநாட்டு ரோடு ஒன்றை ஒரு நாளைக்கு மூடிவிட்டு, ஒவ்வொரு காராகத் தனியே அடியிலிருந்து உச்சிவரை ஓட்டவைத்து நேரம் அளப்பார்கள். அதில் பழைய கார்களுக்கு ஒரு தனி வகுப்பு உண்டு. எழுபது வருடத்துக்கு முன் செய்த இரும்பு, அந்த ஏற்றத்தில் அந்த வேகத்தில், ஒவ்வொரு வளைவிலும் முறுக்கப்படும். ஆகவே ஓடுவதற்கு முன் வலுப்படுத்த வேண்டும். போட்டியை நடத்தும் மோட்டார் சங்கத்தின் விதி தெளிவாக இருந்தது: பாகங்களை வலுவான உலோகத்தில் மாற்றலாம், உருவத்தை மாற்ற முன் அனுமதி வேண்டும், மாற்றிய ஒவ்வொரு பாகமும் அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும்.

வலுப்படுத்துவதென்றால் தடிப்பாக்குவது என்று நான் நினைத்திருந்தேன். என் தொழிலில் கோப்பு வலுவாக வேண்டுமென்றால் அதைத் தடிப்பாக்குவோம். அவர் சிரித்தார்.

“கனமாக்கிறதில்ல மச்சான் வேலை. காயம் எங்க ஈக்கு எண்டு பார்த்து எடுக்கிறதுதான் வேலை.”

என்ஜினின் இணைப்புத் தண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய எமரித் தாளால் நீளவாக்கில் தேய்ப்பார். குறுக்காகத் தேய்க்க விடமாட்டார். நான் ஒரு முறை குறுக்காக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். தண்டை என் கையிலிருந்து வாங்கி, ஒரு குழந்தையின் முழங்காலைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “நீங்க போய்த் தேத்தண்ணி போடுங்க சேர்” என்றார். கோபம் வந்தால் மட்டும் என்னைச் சேர் என்று கூப்பிடுவார். ஒரு தண்டுக்கு மூன்று ஞாயிறு எடுத்தார், நான்கு தண்டுகள். இரும்பில் ஒரு கீறலும் இல்லாமல், முகம் பார்க்கலாம் போல ஆன பிறகுதான் அவற்றை உள்ளே அனுப்பினார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, செய்த வேலையைக் கொப்பியில் பதிந்தேன். அந்தக் கொப்பி இப்போதும் இருக்கிறது. வாசிக்க அலுப்பானது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாக ஓர் எண்ணெய்க் கட்டைவிரல் அடையாளம் இருக்கிறது, அது என்னுடையதல்ல.

கடைசியாகச் செய்தது பின் ஆக்சில். என்ஜினின் முறுக்கைப் பின் சில்லுக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு அது, முழங்கையிலிருந்து விரல் நுனிவரையுள்ள அளவைப்போல் ஒன்றரை மடங்கு நீளம். பழையதை எடுத்துவிட்டு, நல்ல உருக்கில் கொழும்பில் புதிதாகக் கடைந்து எடுத்தோம். கராஜ் மேசையில் பழைய சேலைத் துண்டின்மேல் அது கிடந்த அழகை இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த மேசையில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பாகம் அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஒரு துண்டு அட்டையைக் கம்பியில் கட்டியிருந்தால் போதும், மற்றவர்கள் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அரசாங்கப் பொருள் எதற்கும் அழியாத முறையில் இலக்கம் இடப்பட வேண்டும் என்பது என் இரத்தத்தில் ஊறிய விதி. எங்கள் கந்தோரில் கதிரைக்கு இலக்கம் உண்டு, அலுமாரிக்கு உண்டு, கழிப்பறை வாளிக்கும் உண்டு. ஓய்வுக்கு முன்பே எனக்கென்று உருக்கு இலக்க அச்சுகள் ஒரு பெட்டி வைத்திருந்தேன். பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை, சுத்தியலால் அடித்தால் இரும்பிலும் பதியும்.

அச்சைத் தண்டின் நுனிக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசிக்க வசதியான இடம் அதுதான்.

“என்ன செய்யிறீங்க?” என்றார் அவர்.

“இலக்கம் போடுறேன்.”

“மச்சான், இது ஆக்சில். கந்தோர்க் கதிரை இல்ல.”

“பரிசோதனைக்கு வாறவன் கேட்டா?”

“கேட்டா வாயால சொல்லுவோம்.”

“வாயால சொன்னது பதிவாகாது.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டு மாலுபணிஸைக் கடித்தார். நான் மூன்று இலக்கங்களை அடித்தேன், கடைசி இலக்கம் நான்கு. ஒவ்வொரு அடிக்கும் அவர் கண் ஒரு தடவை சுருங்கியது. அதைப் பார்த்தேன். பார்த்ததை எந்தக் கொப்பியிலும் பதியவில்லை.

அவர் ஓட்டும்போது நான் எப்போதும் அடியில், தொடங்கும் கோட்டில் நிற்பேன். பழைய கார் வகுப்பில் பக்கத்து இருக்கையில் ஒருவர் போகலாம், அதற்கு விதியில் இடமிருந்தது. நான் ஒருபோதும் ஏறியதில்லை. நேரம் பிடிக்க ஒருவர் வேண்டும் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் எனக்குக் கேட்கத்தான் பிடிக்கும். கார் முதல் வளைவில் மறைந்துவிடும். பிறகு மலை முழுக்கச் சத்தம் மட்டும். இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு, தேயிலைக்கு மேலால் போகும் நீண்ட நேர் ரோடு. அவர் கியர் மாற்றும் இடத்தை ஒருநாளும் என் காதால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஒரு சத்தம் முடிந்து மற்றது தொடங்கும் இடமே இருக்காது. கிளச்சை அப்படி விடுகிற ஒரு காலை நான் வேறெவரிடமும் கண்டதில்லை.

இதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

மூன்று போட்டிகள் ஓடினோம். நான்காவதில், நான்காவது வளைவுக்கு மேல், சத்தம் நின்றது. குறைந்து போய் நிற்கவில்லை, கத்தரித்ததுபோல் நின்றது. நேரமானியைக் கையில் வைத்துக்கொண்டு நான் மேலே பார்த்துக்கொண்டே நின்றேன். அது ஓடிக்கொண்டிருந்தது.

ஆக்சில் உடைந்திருந்தது. முறுக்கு சில்லுக்குப் போகாததால் கார் பின்னோக்கி உருளத் தொடங்க, அவர் அதை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தியிருந்தார். பின் மட்கார்ட் நெளிந்தது தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் ரோடு அடைபட்டு, பின்னால் இருந்த கார்கள் ஒரு மணித்தியாலம் காத்துக் கிடந்தன. சங்கம் எழுத்தில் விளக்கம் கேட்டது, சொந்தக்காரரிடம்.

அறிக்கை எழுதுவதில் நான் கெட்டிக்காரன். எங்கள் கந்தோரில் எது உடைந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். உடைந்த தண்டை வெளியே எடுத்தேன். உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்க்கவில்லை. கிரீஸ் பூசி, பழைய வர்த்தமானித் தாளில் சுற்றி, அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தேன். ‘வளைவிலிருந்து வெளிவரும்போது ஓட்டுநர் கிளச்சைத் திடீரென விடுவித்தமையே காரணமாகக் கருதப்படுகிறது’ என்று எழுதினேன். கருதியது யார் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பிரதிகள். ஒன்று சங்கத்துக்கு, ஒன்று கோப்புக்கு. ஒன்று, முறைப்படி, சம்பந்தப்பட்டவருக்கு.

அவருடைய பதில் நாலாம் நாள் வந்தது. அந்த நான்கு வரி:

‘நீங்க எழுதினதைப் படிச்சேன். நான் கிளச்சை அப்பிடி விடயில்ல. அந்த ஆக்சிலை எடுத்துப் பாத்தீங்களா? பதில் போடுங்க.’

கோப்பிலிடுக.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. கேற் காலை முழுக்கத் திறந்தே கிடந்தது. பிறகு பெருந்தொற்று வந்தது, ஊரே பூட்டிக் கிடந்தது. பிறகு எரிபொருள் வரிசைகள் வந்தன. ஒரு கலன் பெற்றோலுக்கு அரை நாள் நின்ற காலத்தில் யாரும் மலையேற்றப் போட்டி பற்றிப் பேசவில்லை. எங்கள் மனஸ்தாபத்துக்கு நாட்டின் நெருக்கடி நல்ல போர்வையாக இருந்தது. இரண்டு திருமண வீட்டிலும் ஒரு மையித்து வீட்டிலும் சந்தித்தோம். “சுகமா?” என்றார். “சுகம்” என்றேன். மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் அக்குறணையைக் கடக்கும்போது அவர் கடைக்கு எதிர்ப்பக்கத்து யன்னலால் பார்ப்பேன். அந்தப் பக்கத்தில் பார்க்க ஒன்றும் கிடையாது. எனக்கு அந்தக் கடை வரிசை முழுக்க மனப்பாடம்.

கராஜில் காரைத் துணியால் மூடி வைத்திருந்தேன். மாதம் ஒரு முறை துணியைத் தூக்கி உள்ளே பார்ப்பேன். ஓட்டுநர் பக்கத்து இறப்பர் விரிப்பில், கிளச்சுக்குக் கீழே, அவருடைய குதி ஊன்றிய இடம் பிறை வடிவில் தேய்ந்திருக்கும். அவ்வளவுதான். பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் சங்கத்திலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. ஓகஸ்டில் மலையேற்றப் போட்டி மீண்டும் நடக்கும், பழைய கார் வகுப்பும் உண்டு, விண்ணப்பம் ஜூன் முடிவுக்குள். அதை வாசித்தபோது எனக்கு வேண்டியது என்னவென்று சந்தேகமே வரவில்லை. தொடங்கும் கோட்டில் நின்று, அந்த இடைவெளியில்லாத சத்தம் மலை ஏறிப் போவதை இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும். அதை ஓட்டக்கூடியவர் ஒருவர்தான்.

முதலில் ஆக்சில். பிலிமத்தலாவையில், கொழும்பு ரோட்டுப் பித்தளைக் கடைகளுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு சிங்களவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். நாற்பது வயது இருக்கும். லொறிக்கும் டிராக்டருக்கும் தண்டு கடைபவர், வேலைக்குக் குறைவில்லை. தோட்டத் தொழிற்சாலையில் இருந்த காலத்தில் பழகிய தமிழ். மாதிரிக்கென்று உடைந்த தண்டைக் கொண்டுபோய் வர்த்தமானித் தாளைப் பிரித்தேன். அவர் அளவெடுப்பார் என்று நினைத்தேன். அவர் உடைந்த முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி, கைபேசி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது ஒரே நாள் ஒடஞ்சது இல்ல மாத்தயா. பாருங்க, மரம் வெட்டினா வளையம் தெரியுந்தானே? அது மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா வந்திருக்கு.”

பார்த்தேன். நுண்ணிய கோடுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, விசிறிபோல் விரிந்திருந்தன. எல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டிருந்தன. அவர் தண்டைப் பக்கவாட்டில் திருப்பி அந்தப் புள்ளியை விரல் நகத்தால் தொட்டார். நான்கின் மூலை.

“யாரு இதுல நம்பர் அடிச்சது? மோடன் வேலை.”

“அப்போது இருந்த சொந்தக்காரர்” என்றேன். அது பொய்யல்ல.

“டிரைவர் கிளச்சைத் திடீரென்று விட்டால் இப்படி ஆகாதா?” என்றும் கேட்டேன்.

“டிரைவர் என்ன செய்வான்? அவன் அன்னைக்கு ஏற முன்னமே பாதி போயிருச்சு. நல்ல டிரைவர் போல. மத்தவன்னா முதல் வளைவுலயே போயிருக்கும்.”

அவர் பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது. அதில் உட்கார்ந்தேன். அவர் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு, கேட்காமலே, “நம்பர் அடித்தது நான்” என்றேன். அவர் சங்கடப்பட்டு, மோடன் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். அதுதான் அன்றைக்கு எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

புதிய தண்டின் நடுப்பகுதியை மெலிவாகக் கடைய வேண்டும் என்றார். தடிப்பாக விட்டால் முறுக்கு எல்லாம் நுனியில் போய்ச் சேரும், மெலிவாக எடுத்தால் முழு நீளமும் சேர்ந்து முறுகும், தாங்கும். கடைந்து, மினுக்கி, பிறகு சின்ன இரும்புக் குண்டுகளை மழைபோல் அடித்து மேல்தோலை இறுக்குவது அவர் முறை. நன்றாக இருந்தது. ஆனால் உருவம் மாறுகிறது, முன் அனுமதி வேண்டும். பந்தி பந்தியாக, வரைபடத்தோடு சங்கத்துக்கு எழுதினேன். மாதக்கணக்கில் இழுப்பார்கள் என்று நினைத்து முதலாவது நினைவூட்டலையும் தயாராக எழுதி வைத்தேன். இரண்டே நாளில் மின்னஞ்சல் வந்தது: ‘சரி சேர்.’ கைநூலின்படி அது பதிலே அல்ல. ஆனாலும் அனுமதி.

தண்டை வாங்கப் போனபோது, “இலக்கத்தை எங்கே போடுவது?” என்று கேட்டேன்.

“நூல்ல கட்டுங்க மாத்தயா” என்றார். “இல்லாட்டி நெனவுல வைங்க.”

இனி அக்குறணைக்கு எழுத வேண்டும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முழுக்க எழுதினேன். மனைவி வாசித்துப் பார்த்தாள். ‘மேற்படி விடயம் தொடர்பாக, ஏலவே சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கையில் ஏற்பட்ட தவறு குறித்து வருந்துகிறேன்’ என்று அதில் இருந்தது.

“மன்னிச்சிருங்கன்னு எங்கயும் காணோமே” என்றாள்.

“வருந்துகிறேன் என்று இருக்கிறதே.”

“தண்ணி வெட்டு அறிவித்தல்லயும் அதாங்க போடுறாங்க.”

“போன் ஒன்னு போட்டா முடிஞ்சிரும்” என்றும் சொன்னாள். எழுத்தில் குற்றம் சாட்டியதை எழுத்தில்தான் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அதில் மட்டும் விதி என் பக்கம் இருந்தது என்று இப்போதும் நம்புகிறேன். அவள் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

கடைசியில் அனுப்பியது இதுதான்:

‘நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை, அன்று நான் ஆக்சிலை எடுத்துப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். நான் அடித்த இலக்கத்திலிருந்து வெடித்திருக்கிறது. நீங்கள் அடிக்க வேண்டாம் என்றீர்கள். உங்கள் கால் பிழை செய்யவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன். மன்னித்துவிடுங்கள். புதிய ஆக்சில் போட்டாயிற்று. ஓகஸ்டில் போட்டி. ஓட்டுநர் பெயரை எழுதாமல் வைத்திருக்கிறேன்.’

உடைந்த முகத்தின் புகைப்படத்தை இணைத்தேன். திருத்திய அறிக்கையின் பிரதி, சங்கத்துக்கும் அவருக்கும். பதிவுத் தபால்.

மூன்றாம் நாள் அவர் கையொப்பமிட்டு வாங்கியது உறுதியானது. அதன் பிறகு ஒன்றுமில்லை. மே மாதம் போயிற்று. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் எங்கள் ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கும் சத்தத்தைத் தூரத்திலேயே பிடித்துக்கொள்ளப் பழகினேன். மின்சாரப் பட்டியல் வந்தது, ஓய்வூதியக்காரர் சங்கத்தின் கூட்ட அறிவித்தல் வந்தது. ஒரு மாதம் கடந்தால் நினைவூட்டல் அனுப்பலாம் என்பது விதி. வரைவு எழுதினேன். ‘எனது கடிதத்துக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை’ என்ற முதல் வரியிலேயே பேனா நின்றது. அவர் கடிதம் என் கோப்பில் எத்தனை வருடம் கிடந்தது என்று எனக்குத் தெரியும். வரைவைக் கிழித்தேன்.

ஜூன் முதல் வாரத்தில் மழையோடு அக்குறணைக்கு பஸ் ஏறினேன். இந்த முறை சரியான பக்கத்து யன்னலில் உட்கார்ந்தேன். அவர் கடைக்கு நேர் எதிரே இருந்த இரும்புக் கடையின் தாழ்வாரத்தில் குடையைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். கடைக்குள் அவரைப் பார்க்க முடிந்தது. நான் அறிந்த காலத்தில் கடையில் ஒருநாளும் உட்காராத மனிதர். தட்டுக்கும் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். இப்போது கதிரையில் இருந்தார், இடது கால் செருப்பில்லாமல் ஒரு முக்காலியின்மேல் நீட்டிக் கிடந்தது. வாடிக்கையாளர் ஒருவர் எதையோ கேட்க, எழும்பாமல் கைநீட்டித் தட்டைக் காட்டினார்.

ரோட்டின் அகலம் பத்துப் பன்னிரண்டு காலடிதான். வாகனம் குறைந்த இடைவெளிகள் இரண்டு வந்து போயின. “என்ன சேர் வேணும்?” என்று இரும்புக் கடைக்காரர் கேட்டார். ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். எங்கள் வீட்டில் புதிதாகப் பூட்ட ஒன்றும் இல்லை.

“பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

“பார்த்தேன்.”

“பேசினீங்களா?”

பூட்டை மேசையில் வைத்தேன். விண்ணப்பப் படிவம் அதே மேசையில்தான் கிடந்தது. எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன, ஒன்றைத் தவிர. முடிவுத் திகதிக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது, பிறகு இரண்டு. வேறொரு ஓட்டுநரைப் போடலாமே என்று சங்கத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். வகுப்பில் நல்ல இளைஞர்கள் இருக்கிறார்களாம். இருக்கலாம் என்றேன். காரை ஓகஸ்டில் ஏற்றாமல் விட்டால் என்ன நடக்கும் என்று ஒருநாள் கராஜில் நின்று யோசித்தேன். ஒன்றும் நடக்காது. துணி போர்த்தியபடி இருக்கும். நான் மாதம் ஒரு முறை அந்தத் தேய்ந்த பிறையைப் பார்ப்பேன், எனக்கு முடியாமல் போகும்வரை.

பதில் வந்தபோது நான் எதிர்பார்க்கவில்லை. மழையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கவில்லை. அதே பில் புத்தகத் தாள், இந்த முறை இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. நின்றபடியே வாசித்தேன்.

‘மச்சான்,

கடிதம் கிடைச்சது. பிந்தினதுக்குக் காரணம் எழுதணும் எண்டு உங்க சட்டத்துல ஈக்கு எண்டு சொல்லுவீங்க. எழுதுறேன். முதல்ல கோவம். ஆக்சிலுக்கு இல்ல, அன்டைக்கே தெரியும் எண்டு எழுதியிருந்தீங்களே, அதுக்கு. அது ரெண்டு கிழமையில போயிட்டு. மற்றது கால். சீனி வருத்தத்தால இடது பாதம் மரத்துப் போச்சு. செருப்புக் கழண்டாலும் தெரியிறதில்ல. கிளச் மிதிக்கவே வேணாம் எண்டு டொக்டர் சொல்லிட்டார், வானையும் வித்துட்டேன். இதை எப்பிடி எழுதுறது எண்டு தெரியாமத்தான் இவ்வளவு நாள்.

நான் இப்ப அந்தக் காரை ஓட்டினா நீங்க எழுதின அறிக்கை உண்மையாப் போயிரும். அதுக்கு நான் விட மாட்டேன்.

விண்ணப்பப் பாரத்துல உங்க பேரைப் போடுங்க. பக்கத்துல ஒரு ஆள் போகலாந்தானே, நான் ஈக்கிறேன். எப்ப கிளச்சை விடணும் எண்டு தோள்ல தட்டுறேன், அப்ப மட்டும் விடுங்க. நீங்க அந்த ரோட்டை ஒரு நாளும் மேல போய்ப் பாத்ததில்ல. அன்டைக்கு நான் கடைக்கு உள்ளேருந்து உங்களைப் பாத்தேன். அந்தக் கடையில பூட்டு நல்லதில்ல.

பதில் போடத் தேவையில்ல. ஞாயிற்றுக்கிழமை கேற்றைத் திறந்து வைங்க.’

அந்தச் சத்தத்தை இனி அடியில் நின்று கேட்கப்போவதில்லை. நான் ஓட்டினால் அது வரப்போவதுமில்லை. கியர் மாறும் ஒவ்வொரு இடமும் மலை முழுக்கக் கேட்கும். அடியில் நேரமானியைப் பிடிக்கவும் ஆள் இருக்காது. இருந்தும் உள்ளே போய், படிவத்தின் காலிக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். எழுத்து கட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே போயிற்று. பக்கத்து இருக்கைக்குரிய கட்டத்தில் அவர் பெயர்.

மனைவி கடிதத்தை வாங்கி வாசித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “ஞாயித்துக்கெழம மாலுபணிஸ் யாருங்க வாங்குறது? அவருக்கு சீனி வருத்தமாமே” என்றாள். பிறகு தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கோப்பை எடுத்தேன். பழைய நான்கு வரிக்கு மேலே இதை வைக்கும்முன், பழக்கத்தில் பேனா மேல் மூலைக்குப் போயிற்று, உத்தரவு எழுதும் இடத்துக்கு. எழுத உத்தரவு எதுவும் இல்லை. கிடைத்த திகதியை மட்டும் குறித்தேன்: ஜூன் மாதம் பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை.